நாவலில் வரும் தடியனும் என் மச்சினனும்

அறுநூறு பக்க நாவலை மூன்றே நாளில் படித்து முடித்தவன் நான். பொய். கையெழுத்துப் போடவே எனக்கு நாக்கு வெளியே வந்துவிடும். நூலகத்திலிருந்து கொண்டுவந்து சத்தமாகப் படித்தது என் வீட்டுக்காரி. நானும் அவள் தம்பியும் கேட்டோம், அதுவும் முக்கால்வாசிதான். இதைக்கூட நான் சொல்லச் சொல்ல அவள்தான் எழுதுகிறாள்.

அந்த நாவலில் ஒரு தடியன் வருகிறான். சேற்றில் புதைந்த பாரவண்டியைத் தோள் கொடுத்தே தூக்கிவிடுவான். ஆனால் சந்தையில் சுண்டெலி மாதிரி ஒருவன் கன்னத்தில் அறைந்தால், அறைந்தவனுக்குக் கை வலிக்குமே என்று பார்ப்பான். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மச்சினன் சிரிக்கவில்லை. அவனும் அதே ரகம். நங்கூரத்தை ஒற்றைக் கையால் தூக்குவான். வலையில் ஆமை சிக்கினால் தடவிக் கொடுத்துக் கடலில் விடுவான்.

நான் சங்கு குளிப்பவன். வாயில் காற்றுக் குழாய், இடுப்பில் கயிறு. வள்ளத்தில் இருந்து அந்தக் கயிற்றைப் பிடிப்பவன் பெண்டாட்டியோடு பிறந்தவனாக இருக்க வேண்டும் என்பது எங்கள் வழக்கம். அக்காளை விதவையாக்க எந்தத் தம்பியும் கையை விடமாட்டான் என்ற நம்பிக்கை. எட்டு வருஷமாக என்னைப் பிடிப்பவன் அவன்தான்.

திங்கட்கிழமை கடலடியில் எனக்கு விளையாட்டுக் கோட்டி பிடித்தது. கயிற்றை மூன்று முறை சுண்டி இழுத்தால் உயிருக்கு ஆபத்து, தூக்கு என்று அர்த்தம். சும்மா இழுத்தேன். தூண்டில் மீன் மாதிரி மேலே வந்தேன், மூக்கில் ரத்தம், வாயில் சிரிப்பு. எங்கே அடிபட்டிருக்கிறது என்று அவன் என் உடம்பெல்லாம் தடவிப் பார்த்தான்.

"ஏலே மாப்ள, கதையில வார தடியன் நீதாம்ல. கோவத்துக்கு ஒரு அடியாவது போடுலே," என்றேன். வள்ளமே சிரித்தது.

அவன் கயிற்றைச் சுருட்டி என் மடியில் வைத்தான்.

"நாளையிலருந்து வேற ஆளு பாத்துக்கிடுங்க அத்தான். அடுத்த தடவ நீங்க நெசமா இழுக்கும்போது, வெளையாட்டுன்னு நான் சும்மா இருந்துருவனோன்னு பயமா இருக்கு."

மூன்று நாள் அவன் வரவில்லை. வேறொருவன் கையை நம்பி இறங்க எனக்குத் தைரியம் இல்லை. கரைக்குப் போவேன், வருவேன். அவன் வாசல் வரை போய், அடுத்த தெருவில் வேலை இருப்பவன் போல நடந்துவிடுவேன்.

"என்னத்துக்கு இப்படி அலையுதிய? தப்புன்னு ஒரு வார்த்த சொன்னா வாயி கோணிராது," என்றாள் வீட்டுக்காரி.

"நீ மிச்சக் கதையப் படி. அந்தத் தடியன் சாவானா பொழைப்பானான்னு தெரியணும்."

"எந் தம்பி வந்து உக்காந்தாத்தாம் படிப்பேன்."

நேற்று சாயங்காலம் போனேன். வழியெல்லாம் யோசித்து வைத்த நாலு கேலியையும் அவன் வாசலிலேயே விட்டுவிட்டேன். "தப்புதாம் மாப்ள. இனிமே கயித்துல வெளையாட மாட்டேன்," என்றேன். அவன் என்னையே பார்த்தான். பிறகு எழுந்தான். அந்த உடம்பு எழுந்தால் அறையே இருட்டிவிடும். கையை ஓங்கினான். ஒருவழியாக அடிக்கப் போகிறான் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அப்போது என் தோளில்... இரு, எழுதாத, வாசல்ல உந் தம்பி கூப்பிடுதான்.

"அத்தான், வள்ளம் தள்ளியாச்சு. வாசல்ல எவ்வளவு நேரம் நிக்கது? வாங்க."