மாமியின் மடலில் பிள்ளையார் சுழி

மாடி வீட்டு மாமியின் மின்னஞ்சல்களில் தலைப்பு என்று ஒன்று இருக்காது. அந்த இடத்தில் 'உ' என்று பிள்ளையார் சுழி மட்டும் நிற்கும். ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் அடுக்ககத்தின் வாட்ஸப் குழு சண்டையில் கலைந்தபின், ஒரே முகவரிக்கு எழுதினால் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேரும் மின்னஞ்சல் குழு ஒன்றை ஆரம்பித்து என் தலையில் கட்டிவிட்டார்கள். அதைக் கட்டி மேய்ப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

ஒருநாள் காலை மாமி செல்போனும் கையுமாக இறங்கி ஓடிவந்தார். "காபிப்பொடி வாங்கப் போன மாமாவை இன்னும் காணலைடி. போனை ஆத்துலயே வச்சுட்டுப் போயிட்டார். குரூப்புக்கு மெயில் போட்டா திரும்பித் திரும்பி வந்துண்டே இருக்கு!"

மாமாவுக்குக் கொஞ்ச நாளாகவே வீட்டு வழி மறந்துபோகும். குழுவின் முகவரியைப் பார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. உறுப்பினர்களில் மாமியும் இருந்தார். இணைத்திருந்த மாமாவின் படம் பெரிதோ என்று அதை எடுத்துவிட்டு அனுப்பினேன்; அதுவும் திரும்பி வந்தது. பிறகுதான் கூடவே வந்த பிழைச் செய்தியை நிதானமாகப் படித்தேன். விளம்பரக் குப்பைகளைத் தடுக்க, தலைப்பில் ஒற்றை எழுத்து மட்டும் இருந்தால் ஏற்காதே என்று முந்தின வாரம்தான் நானே ஒரு விதி போட்டு வைத்திருந்தேன்.

"மாமி, மேல இருக்கிற இந்தச் சுழியை எடுத்துடலாமா?"

"சுழி போடாம எப்படிடி எழுதறது? அதுவும் இன்னிக்கு!" மாமியின் குரல் உடைந்துவிட்டது.

வாதாட நேரமில்லை. சுழியை அப்படியே விட்டு, பக்கத்தில் 'மாமாவைப் பார்த்தீர்களா?' என்று சேர்த்து, படத்தோடு அனுப்பினேன். போய்விட்டது. ஆபீசுக்குக் கிளம்பியிருந்த எதிர்வீட்டுக்காரர் அதைப் பார்த்துவிட்டு மந்தைவெளி பஸ் ஸ்டாண்டிலிருந்து கூப்பிட்டார். மாமா காபிப்பொடிப் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்திருந்தாராம். "பாத்தியா, பிள்ளையார் கைவிடலை," என்று மாமி அழுதுகொண்டே சிரித்தார். அப்போ நான் யாராம் என்ற கேள்வி வாய்வரை வந்தது. அன்றைக்கே அந்த விதியை எடுத்துவிட்டேன்.

அதன்பின் தண்ணீர் லாரி வரவில்லையென்றாலும் சரி, கொலுவுக்கு அழைப்பென்றாலும் சரி, மாமியின் மடல் வெறும் 'உ' என்றே வரும். என்ன விஷயம் என்று திறந்து பார்த்தால்தான் தெரியும்.

போன வாரமும் மாமியிடமிருந்து ஒரு மடல் வந்தது. பிழை ஏதும் இல்லாமல் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது. தலைப்பில் 'மாமா' என்று மட்டும் எழுதியிருந்தார். சுழி இல்லை. துக்கச் செய்திக்கு யாரும் சுழி போடுவதில்லை. மடலைத் திறக்காமலே மாடிப்படி ஏறினேன்.