துருத்திப் பெட்டி

அந்தப் பெட்டியின் தலைமாட்டில் ஒரு கண்ணாடி இருந்தது. பள்ளிக்கூடச் சிலேட்டின் அகலம்தான் இருக்கும். இரும்புத் தண்டில் பொருத்திக் கீழ்நோக்கிச் சாய்த்திருந்தார்கள். செண்பகனூருக்கு மேலே, தைல மரங்களுக்கு நடுவில், பல வருடங்களாகப் பூட்டிக் கிடந்த ஒரு மருத்துவமனையின் கடைசி வார்டு அது. ஒழுகிய கூரைத் தண்ணீர் சுவரில் கறுப்பாக இறங்கியிருந்தது. கட்டில்களைத் தொட்டால் துரு செதில் செதிலாகக் கையோடு வந்தது. எல்லாவற்றின் மேலும் தூசி படிந்திருக்க, அந்தக் கண்ணாடி மட்டும் துடைத்து வைத்தது போல இருந்தது. குனிந்து பார்த்தேன். அதில் என் முகம் தெரியவில்லை. பின்னால் கிடந்த கட்டில் தலைகீழாகத் தெரிந்தது.

நான் அப்போது திண்டுக்கல்லில் ஒரு கட்டட ஒப்பந்தக்காரரிடம் ஓவர்சியராக வேலை பார்த்தேன். இடத்தை வாங்கியவர்கள் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுத் தங்கும் விடுதி கட்டப் போகிறார்கள். இடிக்கும் முன் அளவெடுக்கவும், உள்ளே கிடப்பவற்றை அறை அறையாகப் பட்டியல் எழுதவும் என்னை மூன்று வாரத்துக்கு மலைக்கு அனுப்பியிருந்தார்கள். பெரும்பாலானவை பார்த்ததும் புரிகிற பொருட்கள். எனாமல் தட்டுகள், ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரங்கள், கண்ணாடி குளுக்கோஸ் பாட்டில்கள். புரிந்ததாலேயே தொந்தரவு செய்தவையும் இருந்தன. ஓர் அலமாரி நிறையக் குழந்தைகளின் கால்களுக்கான இரும்புப் பட்டைகள், அடியில் சின்னச் சின்னப் பூட்சுகளோடு, அளவுவாரியாகத் தொங்கின. இருந்ததிலேயே சிறிய பூட்ஸ் என் உள்ளங்கையில் அடங்கியது. எத்தனை ஜோடி என்று எழுத வேண்டும். எண்ண ஆரம்பித்து இரண்டு தடவை பாதியில் விட்டுவிட்டேன்.

பெட்டிதான் என்னவென்றே புரியவில்லை. ஓர் ஆளைப் படுக்க வைக்கலாம், அந்த நீளம். பலகையில் செய்து, இளம்பச்சை வண்ணம் அடித்து, சக்கரம் வைத்திருந்தது. மூடிக்கு இருபுறமும் கொக்கிகள். பக்கவாட்டில் சிறிய கண்ணாடி ஜன்னல்கள். தலைப்பக்கப் பலகையில் கழுத்து நுழைகிற அளவில் ஓர் ஓட்டை. கால்பக்கத்திலிருந்து தடித்த குழாய் ஒன்று கிளம்பி, தரையில் இருந்த பெரிய தோல் துருத்திக்குப் போனது. கொல்லன் பட்டறைத் துருத்தியைப் போல இரண்டு மடங்கு. அதோடு ஒரு மோட்டாரும் நீண்ட கைப்பிடியும் இருந்தன. மோட்டார் துருவேறி இறுகிவிட்டது. ஆனால் துருத்தியின் தோல் மெத்தென்று இருந்தது. தொட்ட விரலை மோந்து பார்த்தேன், விளக்கெண்ணெய். குழாய் வெடித்த இடங்களில் சைக்கிள் டியூபைக் கீறிச் சுற்றிக் கட்டியிருந்தது. கயிறு புதிது. பின்கதவிலிருந்து பெட்டி வரைக்கும் தூசியில் ஒரு தடம் வந்தது. ஒரு காலடி, பக்கத்தில் எதையோ இழுத்தது போல ஒரு கோடு. மறுபடியும் ஒரு காலடி, ஒரு கோடு.

வாட்ச்மேன் அண்ணன் ஆறு மாதம் முன்புதான் அங்கே வேலைக்கு வந்தவர். வார்டு வாசலைத் தாண்ட மறுத்துவிட்டார்.

"அது பொணப்பெட்டி மேடம். விட்டுருங்க."

"பொணப்பெட்டிக்கு ஜன்னல் எதுக்குண்ணே?"

"அதான் எனக்கும் வெளங்கல. சில நாளு அந்த ரூம்ல மூச்சுச் சத்தம் கேக்குது மேடம். நல்ல வெளிச்சத்துலேயே. படுத்துக் கெடக்குற ஆளு விடுற மூச்சு. நான் அந்தப் பக்கமே போறதில்ல."

பழைய சாமான்களை எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்த பஜார் பாய் வந்து பார்த்தார். பெட்டியைச் சுற்றி வந்தார், ஓட்டைக்குள் கையை விட்டார், சிரித்தார்.

"இது ஆவிக்குளியல் பெட்டிம்மா. இப்ப ரிசார்ட்டுல மசாஜ்னு வச்சிருக்காங்கள்ல, ஆளை உள்ள வச்சு மூடித் தலைய மட்டும் வெளிய விடுவாங்க. வெள்ளக்காரன் அந்தக் காலத்துலயே வச்சிருந்திருக்கான்."

"அப்போ இந்தத் துருத்தி எதுக்கு பாய்?"

"ஆவி ஊதுறதுக்கா இருக்கும்" என்றார். சொல்லிவிட்டு அவருக்கே நம்பிக்கை இல்லாமல் கைப்பிடியை மெல்ல ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். ஓட்டைக்குப் பக்கத்தில் நின்றிருந்த என் துப்பட்டாவின் நுனி, உள்ளே இருந்து யாரோ உறிஞ்சியது போல, பெட்டியை நோக்கி அசைந்தது. பாயின் சிரிப்பு நின்றது. "லோடு ஏத்தும்போது இதைக் கடைசியா வச்சுக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். நான் பட்டியலில், மரப்பெட்டி ஒன்று, உபயோகம் தெரியவில்லை என்று எழுதினேன்.

இரண்டாவது வாரத்தில் ஒரு காலை. உடைந்த ஜன்னல்கள் வழியாக மூடுபனி கட்டடத்துக்குள்ளேயே வந்துவிட்டிருந்தது. நான் நடையின் மறுகோடியில் அளவு டேப்பைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அதைக் கேட்டேன். நீளமாக உள்ளே இழுத்தது. நின்றது. வெளியே விட்டது. காற்றாக இருந்தால் கூடும், குறையும். இது கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் என் மூச்சும் அந்தச் சத்தத்தோடு சேர்ந்து போய்க்கொண்டிருப்பதை உணர்ந்தேன். அப்போதுதான் பயம் வந்தது. வாட்ச்மேன் அண்ணன் கேட்டில் இருந்தார். பனியில் கேட் தெரியவில்லை. அங்கே ஓடுவதைவிட வார்டுக்குப் போவதுதான் பக்கம் என்று தோன்றியது. ஏன் அப்படித் தோன்றியது என்று இன்றும் எனக்குத் தெரியாது.

கதவைத் தள்ளினேன். முக்காலியில் ஓர் அம்மா உட்கார்ந்து கைப்பிடியை இழுத்துக்கொண்டிருந்தார். பழைய ஸ்வெட்டர், தலையைச் சுற்றி மப்ளர். நீட்டியிருந்த வலது கால், இடது காலின் பருமனில் பாதிகூட இல்லை. பெட்டியின் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். உள்ளே யாரும் இல்லை.

"உள்ள வா தாயி" என்றார், திரும்பாமலே. கண்ணாடியில் என்னைப் பார்த்திருக்கிறார். "பேசலாம். கை மட்டும் நிக்கக் கூடாது."

குரலைக் கேட்டதும் ஆள் தெரிந்துவிட்டது. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் மலைப்பூண்டு விற்கிற அம்மா. அந்த வாரம்தான் அவரிடம் அரைக் கிலோ வாங்கியிருந்தேன்.

கையை நிறுத்தாமலே சொன்னார். மேல்மலையில் பூண்டு விதைக்கிற குடும்பம் அவர்களுடையது. ஏழு வயதில் காய்ச்சல் வந்து, மூன்றாம் நாள் கால் விழுந்து, பிறகு மூச்சும் இறங்கத் தொடங்கியது. இளம்பிள்ளை வாதம். அப்பா தோளில் போட்டு நடந்து, வழியில் உருளைக்கிழங்கு லாரியை மறித்து ஏற்றி, இங்கே கொண்டுவந்து சேர்த்திருக்கிறார். நெஞ்சை விரிக்கத் தெம்பில்லாத பிள்ளையை இந்தப் பெட்டிக்குள் படுக்க வைத்து, தலையை மட்டும் வெளியே விட்டு மூடுவார்களாம். துருத்தி பெட்டியின் காற்றை உறிஞ்சும்போது நெஞ்சு தானாக விரியும், திரும்ப விடும்போது அமுங்கும். கரண்ட் போனால் ஓர் ஆள் உட்கார்ந்து கைப்பிடியை இழுக்க வேண்டும்.

"என் மூச்ச நான் விடல தாயி. இதுதான் விட்டுச்சு. ரெண்டு மாசம்."

ஒரு கையால் மப்ளரை இறுக்கிக்கொண்டு, மறுகையால் இழுத்தபடியே தொடர்ந்தார்.

"இன்னொரு பையன் இருந்தான். அடுக்கம்னு கீழ ஒரு ஊரு, அந்த ஊர்க்காரன். என்னைவிட ஒரு வயசு மூப்பா இருப்பான். அவனும் அன்னிக்குக் காலையிலதான் வந்தான். பெட்டி ஒண்ணு, நாங்க ரெண்டு பேரு. எங்கப்பா வெள்ளனே கொண்டாந்து சேத்துட்டாரு, அதனால எனக்குக் குடுத்துட்டாங்க. தலைமாட்டுக்குப் பின்னால அவன் கட்டிலு. இந்தக் கண்ணாடியில அவன் மொகம் தெரியும். வாயத் தெறந்து தெறந்து மூடினான். என்னையேதான் பாத்துக்கிட்டிருந்தான். மத்தியானம் சிஸ்டர் வந்து கண்ணாடியத் திருப்பி வச்சுட்டாங்க. மறுபடி எனக்குக் காட்டினப்ப கட்டில்ல புது விரிப்புப் போட்டிருந்துச்சு."

மருத்துவமனையை மூடிய பிறகு, மாதத்தில் ஒரு நாள், பின்பக்கம் இடிந்த சுவர் வழியாக வருவாராம். பத்து மணிக்கு உட்கார்ந்தால் மத்தியானம் வரைக்கும் இழுப்பாராம். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார், "அவனுக்குச் சேர வேண்டியது தாயி." பிறகு என்னைப் பார்த்தார். "இடிக்கப் போறாகளாமே. அவன் பேரு மட்டும் தெரிஞ்சாப் போதும். இம்புட்டு வருசமாப் பேரில்லாம இழுத்துக்கிட்டிருக்கேன்."

பதிவறையில் ரெஜிஸ்டர்கள் கிடந்தன. பாதியைக் கரையான் தின்றிருந்தது. அளவெடுக்கும் வேலையை ஒதுக்கிவிட்டு மூன்று நாள் தேடினேன். மேல்மலை ஊரும் அவருடைய அப்பா பெயரும் முதலில் கிடைத்தன. அதே பக்கத்தில் கொஞ்சம் மேலே, அடுக்கத்துப் பையனின் பெயர் இருந்தது. சாய்ந்த ஆங்கிலக் கையெழுத்து. அவன் அன்று காலையில் வரவில்லை. நான்கு நாள் முன்பே வந்திருக்கிறான். வந்த அன்றே பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஐந்தாம் நாள் எதிரில், தேறும் அறிகுறி இல்லை, பத்து மணிக்கு வெளியே எடுக்கப்பட்டான் என்று இருந்தது. அடுத்த வரியில், அதே பேனாவில், பத்து மணிக்கு இந்த அம்மாவின் பெயர். பையனின் வரிக்கு ஓரத்தில் பொடி எழுத்தில், மரணம், பன்னிரண்டேகால். அந்த இடத்தில் மட்டும் மை பரவியிருந்தது. அதற்கு அர்த்தம் எதுவும் இல்லாமலும் இருக்கலாம். மலை ஈரத்தில் எல்லா மையும் பரவும்.

எழுதியவர் யாரோ, முடிவெடுத்தவர் யாரோ. இரண்டு பிள்ளைகளையும் ஒரு பெட்டியையும் வைத்துக்கொண்டு அந்தக் காலையில் அவர்கள் என்ன செய்திருக்க வேண்டும் என்று நான் பல தடவை யோசித்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எங்கோ நின்றுவிடுகிறேன். ஆனால் அன்று ஒன்றை மட்டும் உறுதியாக முடிவு செய்தேன். அந்த அம்மாவிடம் பெயரை மட்டும்தான் சொல்ல வேண்டும்.

இப்போது அந்த இடத்தில் விடுதி நிற்கிறது. பெரிய கண்ணாடி ஜன்னல்கள், வாசலில் வாடகை ஜீப்புகள். தைல மரங்களில் பாதி இல்லை. பெட்டியைப் பாய் உடைக்கவில்லை. தன் கடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருக்கிறார். ஏன் என்று கேட்டால், இடம் அடைக்கத்தான் செய்கிறது, இருக்கட்டும் என்கிறார். பூண்டுக்கார அம்மா அதைப் பார்க்கப் போனதே இல்லை. மலைக்குப் போகும்போதெல்லாம் நான் அவரிடம் பூண்டு வாங்குகிறேன். நாங்கள் விலை பேசுவோம், மழை பேசுவோம். இதைப் பேசுவதில்லை.

பேசியதெல்லாம் அந்தக் கடைசி நாளில் முடிந்துவிட்டது. பெட்டியை ஏற்றப் பாயின் லாரி வெளியே வந்து நின்றிருந்தது. மத்தியானம் வரைக்கும் பொறுக்கச் சொல்லியிருந்தேன். அம்மா பத்து மணிக்கு முக்காலியில் உட்கார்ந்தார். நான் பையனின் பெயரைச் சொன்னேன். அவர் அதை வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். கை நிற்கவில்லை.

"அவன் எப்ப வந்தான்னு எழுதியிருக்கா தாயி?"

"அந்த எடத்தக் கரையான் அரிச்சிருச்சும்மா."

துருத்தி ஏறியது, இறங்கியது. பத்து இருபது தடவை ஆன பிறகு சொன்னார்.

"நீ நல்ல பிள்ள. ஆனா எனக்குத் தெரியும். நான்தான் அப்படி மாத்திச் சொல்லிக்கிட்டிருக்கேன், கொஞ்சம் லேசா இருக்கும்னு. என்னத் தூக்கி உள்ள படுக்க வச்சப்ப அந்த மெத்தையில இன்னும் சூடு இருந்துச்சு தாயி."

பதினொன்றரை இருக்கும், அவருடைய தோள் நடுங்குவதைப் பார்த்தேன். கையை மாற்றிக் கொடுக்கச் சொன்னேன். மூச்சு ஒன்றுகூடத் தவறாமல் கைப்பிடியை என்னிடம் தந்தார். நான் நினைத்த அளவு அதில் கனமில்லை. ஒரு பிள்ளையை உயிரோடு வைத்திருக்க இவ்வளவு பலம்தான் வேண்டியிருந்தது என்பது என்னை என்னவோ செய்தது. என் கைக்கடிகாரத்தில் பன்னிரண்டு ஆனது. பன்னிரண்டேகாலும் ஆயிற்று.

"போதும் தாயி" என்றார்.

என்னால் நிறுத்த முடியவில்லை. இதோ இந்தத் தடவையோடு என்று நினைப்பேன், கை மறுபடியும் இழுக்கும். அவர் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு என் பக்கம் வந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகக் கைப்பிடியிலிருந்து எடுத்துவிட்டார். மேலே ஏறி நின்ற துருத்தி தன் கனத்திலேயே மெல்ல இறங்கியது. பெட்டி நீளமாக ஒரு மூச்சை வெளியே விட்டது. நாங்கள் இரண்டு பேரும் அடுத்த மூச்சுக்காகக் காத்துக்கொண்டு நின்றோம்.