அக்கா கேட்டது ஒரு தகரக் கூரை

அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து, சாப்பிட்டு, இந்த நினைவு மலரையும் பையில் போட்டுக்கொண்டு வீடு திரும்பும் உறவுகளே, நண்பர்களே! முதற் பக்கத்தில் தேவாரம் இருக்கிறது. நடுப்பக்கத்தில் படங்கள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்காவிட்டாலும் பரவாயில்லை; இந்தக் கட்டுரையை மட்டும் ஒரு தடவை வாசித்துவிட்டுக் காரின் பின் சீட்டில் போடுங்கள். அக்காவின் ஒரே தம்பி என்ற உரிமையில் கேட்கிறேன்.

அக்கா வடமராட்சியில் பிறந்தார். அம்மா என் சின்ன வயதிலேயே போய்விட்டார். எனக்குத் தலை வாரி இழுத்துவிட்டதும், அடித்ததும், அடித்த கையால் கொழுக்கட்டை அவித்துத் தந்ததும் அக்காதான். படித்து, பிள்ளைப்பேறு பார்க்கும் மருத்துவமாதாக வந்தார். கணித ஆசிரியரான அத்தானைக் கைப்பிடித்தார். இனக்கலவரத்துக்குப் பிறகு எல்லோரும் லண்டன், கனடா என்று ஓட, அத்தானுக்குக் கிடைத்தது மலாவியில் ஓர் ஆசிரியர் வேலை. “ஆபிரிக்காவுக்கோ?” என்று கேட்டபடி செத்தவீட்டுக்கு வருவதுபோல் சனம் வந்தது. அத்தானைச் சிங்கம் தின்றுவிடும் என்று ஒரு மாமி அழுதே விட்டார்.

சிங்கம் ஒன்றும் தின்னவில்லை. ஏரிக்கரையில் இருந்த ஒரு மாவட்ட ஆஸ்பத்திரியில் அக்காவுக்கும் வேலை கிடைத்தது. ஒரே கட்டிலில் இரண்டு தாய்மார் படுத்திருப்பார்களாம். கையுறையைக் கழுவிக் காயவைத்துத் திரும்பவும் போடுவார்களாம். “எங்கட ஊரை ஆண்ட அதே வெள்ளைக்காரத் துரைதான்ரா அங்கையும் ஆண்டவன். தேயிலையைக் கொண்டுபோனான், புகையிலையைக் கொண்டுபோனான். நீதவான் போடுற வெள்ளை மயிர்த்தொப்பியை மட்டும் விட்டிட்டுப் போயிருக்கிறான்” என்பார் அக்கா. அவருக்குக் கோபம் வந்தால் சிரிப்பும் கூடவே வரும்.

பிள்ளைகளின் படிப்புக்காக அவர்கள் சிட்னிக்கு வந்தார்கள். அக்கா திரும்பவும் சோதனை எழுதி, மேற்கு சிட்னி ஆஸ்பத்திரி ஒன்றில் ஓய்வுபெறும் வரை வேலை செய்தார். அத்தான் காலமான பிறகு வருடத்தில் பாதியை மலாவியில் கழிக்கத் தொடங்கினார். பேரப்பிள்ளையைப் பார்க்காமல் ஊர் சுற்றுகிறார் என்று இங்கே கதைத்தவர்கள் யாரென்று எனக்குத் தெரியும். அவர்களும் இன்று வந்து வடை பாயாசத்தோடு சாப்பிட்டிருப்பார்கள்.

அங்கே ஒரு முறை உண்டு. ஒரு பெண்ணுக்குப் பொறுப்பு அவளுடைய தாயின் சகோதரன், அல்லது அவளுடைய சொந்தச் சகோதரன். ‘ங்கோஸ்வே’ என்பார்கள். கலியாணம், சண்டை, ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் அவன் ஓம் சொல்ல வேண்டும். எஸ்தர் என்ற நிறைமாதப் பெண்ணுக்கு வயிற்றுநோ கண்டபோது மாமன் ஏரியில் மீன்பிடிக்கப் போயிருந்தான். அவன் கரைக்கு வரும்வரை காத்திருந்தார்கள். அதற்குள் மழை பிடித்து ஆறு பெருகிவிட்டது. மாட்டுவண்டியில் கொண்டுவந்து சேர்த்தபோது தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை. மாமன் ஆஸ்பத்திரி வாசலில் மண்ணை அள்ளித் தலையில் போட்டுக்கொண்டு கிடந்தான் என்று அக்கா சொன்னார்.

சிட்னியில், பிளாக்டவுனில் ஒரு பிறந்தநாள் விருந்தில் அக்கா இதைச் சொன்னபோது, இங்கே எங்கள் ஊர்க்காரர் நடத்தும் ஒன்றியத்தின் தலைவர் உச்சுக்கொட்டினார்.

“அதுகள் இன்னும் காட்டுச்சனம் அக்கா. ஒண்டும் செய்யேலாது.”

அக்கா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

“உங்கட மகள் பெரியபிள்ளையான சாமத்தியவீட்டுக்கு என்ன நடந்தது? மெல்பேணில இருந்து தாய்மாமன் வாற பிளேன் பிந்திப்போச்சு. அவர் வந்துதான் தண்ணி வார்க்கோணும் எண்டு யூலைக் குளிருக்குள்ள பிள்ளையைப் பின்வளவில இருத்தி வைச்சனீங்கள். பிள்ளை நடுங்கி நடுங்கிக் காய்ச்சலில விழுந்தது. அப்ப நாங்கள் எந்தக் காடு தம்பி?”

நான் சிரித்துவிட்டேன், மனைவி என் காலை மிதித்தார்.

அக்கா அந்த முறையை மாற்றப் போகவில்லை. மரியாதைக்குக் கையில் ஒரு கோழியோடு ஊர் ஊராகப் போய் மாமன்மாரைக் கண்டு கதைத்தார். “உன்ர மருமகளுக்கு நோ வந்த பிறகு ஏன் உன்னைத் தேடோணும்? ஏழாம் மாசமே ஓம் எண்டு சொல்லு. அவள் ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில வந்து இருக்கட்டும்” என்றாராம். மாமன்மார் யோசித்துச் சம்மதித்தார்கள். பெண்களும் வந்தார்கள். பெறுமாதம் வரை அவர்கள் தங்குவதற்குத்தான் இடம் இல்லை. நாலு சுவர், ஒரு தகரக் கூரை, புகைபோக்கி வைத்துச் சமைக்க ஒரு குசினி, மலசலகூடம். அக்கா ஒன்றியத்திடம் கேட்டது இவ்வளவுதான்.

ஒன்றியம் இராப்போசன விருந்து வைத்தது, பாட்டுக்கச்சேரி வைத்தது, பணமும் சேர்ந்தது. பிறகு தலைவர் அக்காவிடம் வந்தார். “பிள்ளைத்தாச்சியள் தங்குற மடத்துக்கு எண்டால் ஆர் அக்கா பேர் போட விரும்புவினம்? ஒப்பரேசன் தியேட்டர் எண்டால் ஒரு மதிப்பு.” அக்கா மன்றாடினார். கூட்டத்தில் கையுயர்த்தினார்கள். தியேட்டர் வென்றது.

மலாவியில் நடந்த திறப்புவிழாவுக்கு நானும் போயிருந்தேன். வெள்ளை அடித்த கட்டடம், சுவரில் கொடையாளர் பெயர் வெட்டிய மாபிள் கல். அதன் விறாந்தையில் வயிறும் பிள்ளையுமாகப் பத்துப் பதினைந்து பெண்கள் அடுப்பு மூட்டிச் சோளமாக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். புகை படத்தைக் கெடுக்கும் என்று எங்கள் ஆட்கள் அவர்களைக் கட்டடத்துக்குப் பின்னால் எழுப்பி அனுப்பினார்கள். வெளியே வெயில் கொளுத்தியது. அக்காவும் எழுந்து அவர்களோடு பின்னால் போய்விட்டார். தியேட்டரோடு அக்கா நிற்கும் படம் இந்த மலரில் ஏன் இல்லை என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

அந்தத் தியேட்டரில் இதுவரை ஒருவரையும் வெட்டவில்லை. மயக்கமருந்து கொடுக்கப் படித்த ஒரேயொரு தாதி இங்கிலாந்துக்குப் போய்விட்டார். சத்திரசிகிச்சை நிபுணர் ஒருநாளும் வந்ததில்லை. இப்போது உள்ளே உரமூடைகள் அடுக்கியிருக்கிறார்கள். பெண்கள் இன்னமும் விறாந்தையில்தான் படுக்கிறார்கள். மழைக்குச் சாரல் அடிக்கும். மரியாதைக்காகக்கூட இதை மறைக்க எனக்கு மனமில்லை.

நடுக்கவாதம் வந்த பிறகு அக்காவால் அங்கே போக முடியவில்லை. கடைசியில் முதியோருக்கான நேர்சிங் ஹோமில் சேர்த்தோம். அங்கே அக்காவைக் கழுவித் துடைத்துப் பராமரிக்க வந்த பெண் கிரேஸ், மலாவிக்காரி. முதல்நாள் அவள் தன் பாஷையில் ஏதோ சொல்ல, மாதக்கணக்கில் இறுகிக் கிடந்த அக்காவின் முகம் மலர்ந்தது. “மாமா, லுக், அம்மா சிரிக்கிறா” என்று அக்காவின் மகள் என் கையைப் பிடித்தாள்.

அந்தச் சிரிப்பு நீடிக்கவில்லை. கிரேஸ் மலாவியில் படித்துத் தேறிய மருத்துவமாது என்றும், அந்தத் தகைமை இங்கே செல்லாது என்றும் தெரிந்ததும் அக்கா அவள் கையைத் தட்டிவிட்டார். அவர்கள் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன்.

“பிள்ளை பெறுவிக்கிற கையால் எனக்குக் கழுவித் துடைத்து நப்பி மாற்றுகிறாய். அங்கே தாய்மார் சாகிறார்கள். நீ ஏன் இங்கே நிற்கிறாய்?”

கிரேஸ் போர்வையைச் சரிசெய்தாள். “மாதக்கணக்கில் சம்பளம் வரவில்லை அம்மா. என் பிள்ளைகளும் சாப்பிட வேண்டுமே. நீங்களும் உங்கள் ஊரில் தாய்மாரை விட்டுவிட்டுத்தானே எங்கள் ஊருக்கு வந்தீர்கள்?”

அக்கா நடுங்கும் கையால் அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டு அழுதார். அம்மா செத்த அன்று அழாத அக்கா அன்று அழுதார். ஏழை நாடு பெற்றுப் படிப்பித்த பிள்ளையைப் பணக்கார நாடு எடுத்துக்கொள்கிறது. எடுத்ததற்கு ஒரு நன்றிகூடச் சொல்வதில்லை, படித்த வேலையையும் கொடுப்பதில்லை. நாங்களும் அந்த வழியாக வந்தவர்கள்தான். வந்து குந்திய பிறகு மாபிள் கல் அனுப்புகிறோம்.

ஒரு விடியற்காலை, மகள் பக்கத்தில் இருக்க, அக்காவின் மூச்சு அடங்கியது. ஈமக்கிரியைக்கு வந்த கிரேஸ் என்னிடம், “இவருக்கு ங்கோஸ்வே யார்?” என்று கேட்டாள். நான்தான் என்றேன். “அப்படியென்றால் கூடியிருப்பவர்களுக்கு முன் நீங்கள்தான் பேச வேண்டும். எப்படி வாழ்ந்தார், எதனால் நொந்தார் என்று உள்ளதைச் சொல்ல வேண்டும்.” மண்டபத்தில் எனக்கு நா எழவில்லை. அதனால் எழுதியிருக்கிறேன்.

கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பாடை தூக்கிய பிள்ளைகளுக்கும், கிரியைகளைச் செய்த குருக்களுக்கும், மலரை அச்சிட உதவியவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. கிரேசுக்கு நன்றி சொல்ல எனக்கு வாய் கூசுகிறது.

இதை எழுதி முடிக்கும் வேளையில் தலைவர் தொலைபேசியில் பேசினார். தியேட்டருக்கு அக்காவின் பெயரை வைத்துப் புதுக் கல் பதிக்கப் போகிறார்களாம். “நீங்கள் ஓம் எண்டு சொன்னால் சரி தம்பி” என்றார். பிறகு சொல்வதாகச் சொல்லி வைத்துவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் முன்னால் இப்போது சொல்கிறேன்: நான் சம்மதிக்கவில்லை. அந்தக் கட்டடத்துக்குப் பின்னால் நாலு சுவர் எழுப்பிக் கூரை போடுங்கள். பெண்கள் அதற்குள் பாய் விரித்துப் படுக்கட்டும். அதுவரைக்கும் என் அக்காவின் பெயரை வாயிலும் எடுக்க வேண்டாம்.