பதினோரு பொட்டலமும் பாதிச் சம்பளமும்

மளிகைக் கடையில் எடை போட்டுப் பொட்டலம் கட்டுகிறவனுக்கு, ஊரில் எந்த வீட்டில் எத்தனை நாளாக வருமானம் இல்லை என்பது அந்த வீட்டுக்காரர்கள் சொல்லாமலே தெரிந்துவிடும். சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு கடையில் நான் அறுபதுகள் முழுவதும் நின்றேன். கால் வலிக்க நின்றேன் என்று சொல்லவேண்டும், முதலாளி ஒருவருக்குத்தான் உட்கார இடம். என்னோடு எண்ணெய் அளக்க ராமலிங்கம் இருந்தான். இருவரும் கடலூர் முதுநகர்க்காரர்கள், எனக்கு மச்சான் முறை. கல்லாவிலோ தராசிலோ நின்று ஜனங்களோடு மல்லுக்கட்டியவர் யாராவது இதைப் படித்தால், என் வயிற்றெரிச்சல் அவருக்குப் புரியும்.

நாற்பது மிளகாய்

பலம், வீசை எல்லாம் போய் கிராம், கிலோ வந்த புதிது. பழைய எடைக்கற்களை மூட்டையாகக் கட்டிப் பின்கட்டில் போட்டுவிட்டோம். ஸ்டேஷன் வாசலில் ஜட்கா வண்டி ஓட்டும் கோவிந்தன் வந்து ஒரு பலம் மிளகாய் கேட்டார். அண்ணாமலை நகரில் காலேஜ் நடந்தால் அவருக்குச் சவாரி கிடைக்கும். லீவு விட்டால் வண்டியும் குதிரையும் வேப்பமரத்தடியில் நிற்கும். அது லீவு மாதம். பலத்துக்குச் சரியாக முப்பத்தைந்து கிராம் போட்டுக் கொடுத்தேன். அவர் பொட்டலத்தைப் பிரித்துப் பலகையில் கொட்டி எண்ண ஆரம்பித்தார். பின்னால் ஆறு பேர் நிற்கிறார்கள். எண்ணி முடித்து, "முப்பத்தெட்டு இருக்குது. பலத்துக்கு நாப்பது வரணும்" என்றார்.

மிளகாய் கொஞ்சம் பெரிசாக இருந்தால் எண்ணிக்கை குறையும் என்றேன். ஒத்துக்கொள்ளவில்லை. கடைசியில், தடை செய்த கல்லைப் பிடிக்க எடை இன்ஸ்பெக்டர் யாராவது வந்துவிடப் போகிறாரே என்று பயந்துகொண்டே பின்கட்டுக்குப் போய்ப் பழைய பலக்கல்லைத் தேடி எடுத்து வந்து வைத்துக் காட்டினேன். முள் நடுவில் நின்றது. அதற்கும் அவர் அசையவில்லை. ஒரு நாளைக்கு எட்டு மிளகாய், ஐந்து நாளைக்கு நாற்பது, ஐந்து நாளைக்கு ஒரு முறைதான் கடைக்கு வருவது என்று அவர் வீட்டில் சட்டமாம். வாதாடி முடியாமல் இரண்டு மிளகாயை எடுத்துக் கையில் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு சொன்னார்: "கவர்ன்மெண்டு கிராமு என்னமோ பண்ணிட்டுப் போவட்டும் தம்பி, எம் பொண்டாட்டி எண்ணித்தான் போடுறா."

பதினோரு பொட்டலம்

செங்கேணியம்மா கிள்ளைக்குப் பக்கத்துக் குப்பத்திலிருந்து மீன் கூடையோடு காலை பஸ்ஸில் வந்து, நாலு வீதியிலும் விற்றுவிட்டு, வெறுங்கூடையோடு எங்கள் கடைக்கு வருவாள். மல்லி, மிளகாய், புளி, சீரகம், மிளகு, கடுகு, வெந்தயம், மஞ்சள், உப்பு, வெல்லம், டீத்தூள். ஒவ்வொன்றும் பத்து பைசாவுக்கு. பதினோரு தடவை எடை, பதினோரு துண்டு காகிதம், பதினோரு முடிச்சு. பொட்டலத்துக்கு நூல் கொஞ்சம் ஜாஸ்தியாகச் சுற்றச் சொல்லி, கிழிந்த வலைக்கு ஆகும் என்று அதையும் பத்திரப்படுத்துவாள். இது வாரத்துக்கு மூன்று நாள். நான் அவளுக்குக் கட்டி முடிப்பதற்குள் கிலோக் கணக்கில் வாங்க வந்தவர்கள் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார்கள். முதலாளி என்னை முறைப்பார்.

ஒரு நாள் அவளுக்கு நல்ல விற்பனை. முந்தானை முடிச்சு கனமாகத் தொங்கியது. அன்றைக்கும் அதே பதினோரு பொட்டலம்தான் கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "அக்கா, காசுதான் இருக்குதே. அரை அரைக் கிலோவா வாங்கிட்டுப் போனா உனக்கும் வெல கொறச்சலா விழும், எனக்கும் கை வலி மிச்சமாவும்" என்றேன். அவள் என்னை ஒரு பச்சைப் பிள்ளையைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "மொத்தமா வாங்கி வச்சா வூட்ல இருக்கறதுங்க மொத்தமா திங்கும் தம்பி. நாளைக்குக் கடல்ல மீனு கெடைக்குமா கெடைக்காதான்னு அதுங்களுக்கா தெரியும்?"

மூட்டைக்கு அடியில்

மூட்டை காலியானதும் அடியில் தங்கும் பருப்பு, தரையில் சிந்திய பருப்பு, அதோடு கொஞ்சம் கல், கொஞ்சம் தூசி, இதையெல்லாம் கூட்டி எடுத்துச் சனிக்கிழமை பாதி விலைக்குக் கொடுப்போம். புடைத்து எடுத்தால் நல்ல பருப்புதான். விஷயம் பரவிப் பரவி, சனிக்கிழமை கடை திறக்கும்போதே இருபது பேர் நிற்க ஆரம்பித்தார்கள். நல்ல பருப்பு மூட்டை வாய் பிளந்து முன்னால் இருக்கிறது, அதைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. நல்லது விற்றால்தானே அடியில் தங்கும் என்று நான் தொண்டை கிழியக் கத்தினேன். ராமலிங்கம் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என் காதில் சொன்னான்: "ஏன் மச்சான் கத்துற? நல்ல பருப்ப ரெண்டு படி கீழ கொட்டிக் கூட்டு, நிமிஷத்துல வித்துடும்."

பிரயாணச் செலவு

அண்ணாமலை நகர்ப் பக்கத்தில் டியூஷன் சொல்லிக் கொடுக்கும் வாத்தியார் ஒருவர் இருந்தார். பரீட்சை சமயத்தில் அவர் வீட்டு வாசலில் செருப்பு வைக்க இடம் இருக்காது. பரீட்சை முடிந்தால் மூன்று மாதத்துக்கு ஒருவரும் எட்டிப் பார்க்கமாட்டார்கள். அந்த மூன்று மாதமும் எங்கள் பாடு திண்டாட்டம். காலையில் கிளம்பி நாலு வீதியிலும் ஒவ்வொரு கடையாக ஏறிப் பருப்பு விலை, புளி விலை, எண்ணெய் விலை கேட்டுக்கொண்டு வருவார். எல்லாம் மனப்பாடம். கடைசியில் எங்கள் கடைக்கு வந்து, "கீழ வீதியில ரெண்டு பைசா கொறச்சல்ப்பா" என்பார். "அப்ப அங்கியே வாங்கிக்கலாமே சார்" என்றால், "அங்க கல்லு ஜாஸ்தி" என்பார். ஒன்றும் வாங்காமல் போய்விடுவார்.

ஒரு நாள் துணிப்பை நிறையப் புளியோடு கடை வாசலில் வந்து நின்றார். கடலூருக்கு ரயிலில் போய் முதுநகர் மொத்தக் கடையில் வாங்கி வந்தாராம். எங்கள் விலையைவிட மூன்று கிலோவுக்கு எழுபது பைசா மிச்சம் என்று சத்தமாகச் சொன்னார், கடையில் இருந்த எல்லோரும் கேட்க. புளியைத் தொட்டுப் பார்த்தேன். கொட்டை எடுக்காத புளி, போதாததற்கு ஈரம் வேறு. சுத்தம் செய்தால் இரண்டு கிலோ தேறினால் அதிகம். அதைச் சொல்ல மனசு வரவில்லை. வேறு ஒன்று கேட்டேன். போக வர ரயிலுக்கு எவ்வளவு சார் ஆச்சு? அவர் முகம் சிவந்தது. பிறகு பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். "அத ஏன்ப்பா இதுல சேக்கற? இது மளிகை, அது பிரயாணம்."

ஒரு கைப்பிடி நொய்

ஐப்பசியில் ஒரு வாரம் புயல் மழை. கட்டுமரம் ஒன்றும் கடலில் இறங்கவில்லை என்று கேள்விப்பட்டோம். ஆறாம் நாளோ ஏழாம் நாளோ செங்கேணியம்மா வந்தாள். கூடை இல்லை. முழங்கால் வரை சேறு. பஸ் காசை மிச்சம் பிடிக்கக் கிள்ளையிலிருந்து நடந்தே வந்திருக்கிறாள். பதினோரு பொட்டலம் கேட்கவில்லை. அரைக் கிலோ நொய்யும் உப்பும் மட்டும் கேட்டாள். முதலாளி சாப்பிடப் போயிருந்தார். நான் எடை போட்ட பிறகு ஒரு கைப்பிடி நொய்யை அள்ளி மேலே போட்டுக் கட்டினேன். அவள் பார்த்துவிட்டாள். அங்கேயே பொட்டலத்தைப் பிரித்தாள். ஒரு கைப்பிடியை அளந்ததுபோல எடுத்து மூட்டையில் திரும்பக் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. நாலு பேர் முன்னால் கன்னத்தில் அடித்த மாதிரி இருந்தது. முதலாளிக்குத் தெரிந்தால் என் கதி என்ன என்று கூட யோசிக்காமல் போட்டேனே, அதற்கு இதுதானா மரியாதை என்று ராமலிங்கத்திடம் புலம்பினேன். பத்து நாள் கழித்து வெயில் வந்தது, கூடையோடு அவளும் வந்தாள். பதினோரு பொட்டலமும் கட்டிவிட்டு, மனசு ஆறாமல் அன்றைக்கு ஏன் அப்படிச் செய்தாய் என்று கேட்டேன். அவள் பொட்டலங்களை ஒவ்வொன்றாகக் கூடையில் அடுக்கினாள். நிமிர்ந்து பார்க்காமலே சொன்னாள்: "ஒரு நாளு வயிறு ரொம்பிச்சுன்னா மறுநாளு அதே அளவு கேட்டு புள்ளைங்க அழுவுங்க தம்பி. மறுநாளும் நீயா வந்து போடப் போற?"

குதிரை தின்ற கோதுமை

பிறகு அரிசி கிடைக்காத காலம் வந்தது. வெள்ளாற்றுக்கு அந்தப் பக்கம் புவனகிரியில் நெல் விளைகிறது, விளைந்ததைக் கவர்ன்மெண்டு கொள்முதலுக்கு எடுத்துக்கொள்கிறது, இந்தப் பக்கம் எங்கள் கடையில் அரிசி மூட்டை இல்லை. முதலாளி கோதுமை இறக்கினார். விலை சல்லிசு. எப்படிச் சமைப்பது என்று கேட்டவர்களுக்கெல்லாம், எனக்கே தெரியாமல், "அரிசி மாதிரிதான், ஊறவச்சு வேகவச்சா சோறு" என்று அடித்துவிட்டேன். வண்டிக்கார கோவிந்தன் இரண்டு கிலோ வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் அவர் வருவதைப் பார்த்ததும் நான் பருப்பு மூட்டைக்குப் பின்னால் குனிந்துகொண்டேன். விடவில்லை. காலையில் அடுப்பில் ஏற்றியது மதியம் வரை வேகவில்லை, அரைக் கட்டு விறகு போச்சு, பிள்ளைகள் பசியில் கத்தின என்று ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தார். பணத்தைத் திருப்பிக் கேட்கப் போகிறார் என்று நான் முதலாளி முகத்தைப் பார்த்தேன். கோவிந்தன் மடியிலிருந்து காசை எடுத்துப் பலகையில் வைத்தார். "நாங்க திங்க முடியாம குதிரைக்குக் கொட்டிட்டேன். கொள்ளு வெலைய வுட இது கொறச்சல்தான், இன்னும் ரெண்டு கிலோ போடு."

வடக்கு வீதியில் தனம்

அரிசி இல்லாததால் வியாபாரம் படுத்தது. முதலாளி எங்கள் இருவரையும் கூப்பிட்டு, நிலைமை சரியாகும் வரை பாதிச் சம்பளம்தான், அதுவும் ஒன்றாம் தேதி கிடைக்கும் என்று உறுதி சொல்லமுடியாது என்றார். வீட்டில் சொன்னேன். என் மனைவி தனம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு எழுந்து போனாள். அத்தனை வருஷம் தராசில் நின்றவன் ஆயிற்றே, சிக்கனமாக எப்படி வாங்குவது என்று ஒரு வாரம் அவளுக்குப் பாடம் நடத்தினேன். கேட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு என்னிடம் சாமான் சீட்டு கொடுப்பதையே நிறுத்திவிட்டாள். கேட்டால், "எல்லாம் இருக்குதுங்க" என்பாள். ஒரு மாதச் சாமானை இரண்டு மாதம் ஓட்டுகிறாள் பார் என்று ராமலிங்கத்திடம் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் முதலாளி வடக்கு வீதி வழியாக வந்தார். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "வேலு, உன் சம்சாரம் அங்க இருக்கற மளிகைக் கடையில பை நெறைய சாமான் வாங்கிட்டு நிக்குது. நாளைக்கு இங்க கூட்டிட்டு வா" என்றார். பாதிச் சம்பளமும் போச்சு என்று முடிவு செய்துவிட்டேன். அன்று வீட்டில் நான் போட்ட சத்தத்தில் அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்த்தார்கள். தனம் பாத்திரம் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். "ஏம்மா, வூட்டுக்காரன் வேல பாக்குற கடைய வுட்டுட்டு அங்க போறியே, நல்லாருக்குதா?" என்றார் முதலாளி.

"அங்க பருப்பு கிலோவுக்குப் பத்து பைசா கொறச்சலுங்க. எண்ண வாங்கினா ஒரு துண்டு வெல்லம் கொசுறு குடுக்கறாங்க. இங்க இவுரு எட போட்டா முள்ளு ஒரு மயிரிழை நம்ம பக்கம் சாயாதுங்க. முழுச் சம்பளம் வந்தப்ப நான் இங்கதானுங்களே வாங்கினேன்?"

ராமலிங்கம் எண்ணெய்ப் பீப்பாய்க்குள் தலையை விட்டுக்கொண்டான். நான் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் தராசையே பார்த்தேன். முதலாளி வேறு என்னென்ன அங்கே குறைச்சல் என்று கேட்டார். அவள் மல்லி, நல்லெண்ணெய், சவுக்காரம் என்று பதினைந்து சாமான் விலையை மூச்சு விடாமல் ஒப்பித்தாள். மறுநாள் எங்கள் கடையில் பருப்பு விலை பத்து பைசா இறங்கியது. வாரம் முடிவதற்குள் வடக்கு வீதிக்குப் போன வாடிக்கைக்காரர்களில் பாதிப் பேர் திரும்பி வந்தார்கள். அடுத்த மாதம் எங்கள் இருவருக்கும் முழுச் சம்பளம் கொடுத்தார் முதலாளி. என் கையில் கொடுக்கும்போது மட்டும் ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டார்: "உன் சம்பளத்தக் கொறச்சி நான் மிச்சம் புடிச்சத எல்லாம் உன் சம்சாரம் வடக்கு வீதியில கொண்டுபோயிக் கொட்டிருக்குதேடா!"

எத்தனையோ வீடுகளுக்கு எடை போட்டு, சிக்கனத்தைப் பற்றி ஊருக்கே புத்தி சொன்ன என்னை, இன்றுவரை ஒரு கட்டு கீரை வாங்கக்கூடத் தனம் தனியாக அனுப்புவதில்லை.