மூடிக் கிடந்த மூன்று ஜன்னல்கள்

ஏழு வினாடி. பேருந்தில் போகிற ஒரு மனிதன் தெருவோர விளம்பரப் பலகைக்குக் கொடுக்கிற நேரம் அவ்வளவுதான். அதற்குள் அவன் படத்தைப் பார்த்து, எழுத்தைப் படித்து, கம்பெனிப் பெயரை மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். ஐந்து வார்த்தைக்கு மேல் எழுதினால் வீண். சிக்னலில் சிவப்பு விழுந்தால் அதிர்ஷ்டம்.

பார்க்கிறவர்களிடமெல்லாம் இந்த செகண்டுக் கணக்கை ஒப்பித்ததால், பலகைகளுக்கு இடம் தேடிக் கொடுக்கும் வேலையில் இருந்த அவருக்கு 'செகண்டு' என்று பட்டப்பெயர் விழுந்துவிட்டது. வயது நாற்பத்தெட்டு. இருபது வருடத்துக்கு மேல் ஒரே கம்பெனி. சாரம் கட்டுகிற ஆட்களுக்கு அவர் 'செகண்டு அண்ணே'. மேனேஜருக்கு வெறும் 'செகண்டு'. சம்பளச் சீட்டில் மட்டும் வேறு பெயர் இருந்தது.

வேலை கேட்பதற்குச் சுலபம். ஒரு சுவரையோ மொட்டை மாடியையோ பார்க்க வேண்டும். அது எங்கிருந்து கண்ணில் படுகிறது, நடுவில் மரம் மறைக்கிறதா, சாயங்கால வெயில் படத்தின் மேல் அடித்துக் கூசுகிறதா, காரில் தாழ உட்கார்ந்திருப்பவனுக்கும் தெரிகிறதா என்று நின்று பார்க்க வேண்டும். அதையும் கூட்டம் நெரியும்போதுதான் பார்க்க வேண்டும். காலையில் ஊர் வேலைக்கு ஓடும் நேரம், மாலையில் திரும்பும் நேரம். கூட்டமில்லாத நேரத்தில் எந்தச் சுவரும் வெறும் சுவர்தான். ஊரே நெரிசலில் மாட்டிக்கொண்டு ஹாரனை அழுத்தித் திட்டும்போது, 'ஆஹா, நல்ல இடம்' என்று சந்தோஷப்படுகிற தொழில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அந்தச் சந்தோஷமும் தேய்ந்து போயிருந்தது. புகையில் நின்று நின்று கண் எரிச்சல் நிரந்தரமாகிவிட்டது. எதைப் பார்த்தாலும் படிக்கிற வியாதி வேறு. லாரியின் பின்புறம், மருந்துக்கடைப் பலகை, காலடியில் கிடக்கும் துண்டுக் காகிதம் என்று எதையும் விடமுடியாது. குளியலறைக்குள் போனால் வெளியே மனைவியின் குரல் வரும்: "சோப்பு டப்பாவைப் படிச்சு முடிச்சாச்சுன்னா வெளிய வாங்க. நானும் வேலைக்குப் போகணும்." அவர் உண்மையாகவே அதைத்தான் படித்துக்கொண்டிருப்பார். எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருக்கலாம் என்று நினைத்துக்கொண்டே வெளியே வருவார்.

அந்த வருடம் ஊருக்கு நடுவில் ஒரு மேம்பாலம் திறந்தார்கள். நெரிசல் குறையும் என்றார்கள். பாலம் இறங்குகிற முனையில் எல்லா வண்டிகளும் வந்து முட்டிக்கொண்டு நின்றன. எதிரே மூன்று மாடிக் கட்டடம் ஒன்றின் பக்கவாட்டுச் சுவர், இறங்குகிறவன் கண்ணுக்கு நேராக நின்றது. மரம் இல்லை, மின்கம்பி இல்லை. பாலத்தின் பாதியிலிருந்தே தெரிந்தது. அவர் ஒரு வாரம் காலையிலும் மாலையிலும் அங்கே நின்று படம் எடுத்தார்.

மேனேஜர் போனில் ஒரே கேள்விதான் கேட்டார். "ஜன்னல் மூணு தெரியுதே செகண்டு, உள்ள ஆள் இருக்கா?"

"இல்ல சார். எப்பப் போனாலும் மூடியேதான் கிடக்கு. ஏதோ குடோன் மாதிரி இருக்கு."

கட்டடத்துக்காரர் ஒரு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார். ஒரு மெத்தைக் கம்பெனி இடத்தை எடுத்துக்கொண்டது. வெள்ளை மெத்தையில் ஒரு பெண் அயர்ந்து தூங்குகிற படம், கீழே 'தூங்குங்கள்' என்று ஒற்றைச் சொல். வடிவமைத்தவனை அவர் மனதாரப் பாராட்டினார். மாலை நெரிசலில் நிற்பவனிடம் வேறு எதைச் சொன்னாலும் ஏறாது.

சாரம் கட்டத் தொடங்கிய அன்று மதியம் அக்கா போன் செய்தாள்.

"டேய் தம்பி, என் ஜன்னலுக்கு வெளிய எவனெவனோ இரும்புக் குழாய் கட்டிட்டு நிக்கிறானுங்க. கேட்டா விளம்பரமாம். மொத்தமா மூடிருவாங்களாம். நீ இந்த லைன்லதானே இருக்க? யாருகிட்ட பேசணும்னு கேட்டுச் சொல்லேன்."

"எந்த இடத்துலக்கா?"

"என் வீட்லதான்டா. புதுப் பாலம் இறங்குதே, அந்தப் பக்கம்."

அவர் நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டார். பின்னால் வந்தவர் முட்டிக்கொண்டு, "பாத்து நில்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா அவரைவிட ஆறு வயது மூத்தவள். கணவர் இறந்த பிறகு தனியாக இருந்தாள். தைத்த துணிகளைத் திருத்திக் கொடுப்பது தொழில்: பேன்ட் நீளம் குறைப்பது, ஜிப் மாற்றுவது, இடுப்பைத் தளர்த்துவது. இந்த வீட்டுக்கு வந்து நான்கு மாதமாகிறது. சாமான் இறக்கிய அன்று இருட்டிய பிறகு வந்து பெட்டிகளைத் தூக்கி வைத்தவர்தான், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை. வாரா வாரம் "வர்றேன்க்கா" என்றார். வீட்டுக்கு வழி பின்பக்கச் சந்தில். விலாசமும் அந்தச் சந்தின் பெயரில்தான். முன்பக்கத்திலிருந்து அவர் பார்த்தது சுவரை மட்டும்.

மாடிப்படி ஏறும்போதே தையல் மெஷின் சத்தம் கேட்டது. கதவைத் தட்டியதும் நின்றது.

"வாடா. போன் பண்ணாத்தான் வழி தெரியுது" என்றாள் அக்கா. மூன்று ஜன்னல்களும் விரியத் திறந்திருந்தன. அறை முழுக்க வெளிச்சம். நடு ஜன்னலை ஒட்டி மெஷின், அதன் மேல் கறுப்பு பேன்ட் ஒன்று. கொடியில் சலவை செய்த வெள்ளைச் சட்டைகள். மூன்று ஜன்னலுக்கும் வெளியே குறுக்கும் நெடுக்குமாக இரும்பு.

"இந்த ஜன்னலெல்லாம் எப்பவும் மூடித்தானேக்கா இருக்கும்?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டார்.

"வண்டி நெரியுற நேரத்துல எவ திறந்து வைப்பா? வெள்ளைச் சட்டையெல்லாம் கரியாயிரும். பத்து மணிக்கு மேல திறப்பேன், நாலு மணிக்கு மூடிருவேன். அந்த நேரத்துலதான் என் பொழப்பே." அவள் கறுப்பு பேன்டைத் தூக்கிக் காட்டினாள். "கறுப்புத் துணியில கறுப்பு நூலு. டியூப் லைட்டுல தையல் எங்க ஓடுதுன்னே தெரியாது. போன வீட்ல கண்ணு போயிரும்னுதான் இங்க வந்தேன். இதையும் மூடினா நான் என்னத்தடா பண்ணுவேன்?"

அவர் ஜன்னலருகே போய் நின்றார். இத்தனை வருடத்தில் ஒரு பலகையின் இடத்தைப் பின்னாலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை. பாலத்திலிருந்து இறங்கிய வண்டிகள் வரிசையாகத் தெரிந்தன. முன் கண்ணாடிக்குப் பின்னால் ஓட்டுநர்களின் முகங்கள் கூடத் தெரிந்தன.

சாரத்தில் தொங்கிக்கொண்டிருந்த ஒருவன் அவரைப் பார்த்துவிட்டு முகமெல்லாம் பல்லாகக் கத்தினான்.

"செகண்டு அண்ணே! என்னண்ணே, உள்ள பூந்து செக் பண்றீங்களா? இடம் சும்மா அள்ளுதுண்ணே! நீங்க காட்டுற இடம் என்னைக்கு சோடை போயிருக்கு!"

அவர் கையை மட்டும் அசைத்தார். பின்னால் அக்கா பேன்டின் பழைய தையலைப் பிளேடால் பிரிக்கும் மெல்லிய சத்தம் கேட்டது. பிறகு அது நின்றது.

"நீ காட்டுன இடமாடா?"

"தெரியாம நடந்துபோச்சுக்கா."

"என்ன தெரியாம? கட்டடம் தெரியலையா, நான் இருக்கிறது தெரியலையா?"

"ரெண்டுந்தான்."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தார். திட்டியிருந்தால் தேவலை. "மூஞ்சியப் பாரு, சாப்பிடாம வந்திருக்க" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

மறுநாள் காலை மேனேஜரின் அறையில் அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"சார், பாலத்து இடம். ஜன்னலுக்குப் பின்னாடி ஆள் இருக்காங்க."

"குடோன்னீங்களே?"

"தப்பாச் சொல்லிட்டேன் சார். எங்க அக்கா வீடு அது."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "கூடப் பிறந்த அக்கா வீடு தெரியலையா உங்களுக்கு? இருபது வருஷமா நீங்க சொன்ன இடத்தை நான் ரெண்டாவது தடவை போய்ப் பாத்ததே கிடையாது செகண்டு."

"படத்தை வலைத்துணியில அடிச்சா கொஞ்சம் வெளிச்சம் உள்ள வரும் சார்."

"அதையும் கேட்டுப் பாத்துடறேன்" என்று மேனேஜர் அங்கேயே போன் போட்டார். கெட்ட மனிதர் இல்லை. மெத்தைக் கம்பெனிக்காரர் பேசியது ஸ்பீக்கரில் அவருக்கும் கேட்டது: "ஓட்டை ஓட்டையா இருக்கிற துணியில அந்தப் பொண்ணு மூஞ்சி செத்த பொணம் மாதிரி இருக்கும் சார். தூங்குற மாதிரி இருக்கணும்."

அதில் அவருக்கே மறுப்பு இல்லை. வலைத்துணியில் வெள்ளை நிறம் சாம்பலாகத்தான் தெரியும். இதே காரணத்தைச் சொல்லி அவரே எத்தனையோ பேரிடம் அதைத் தட்டிக் கழித்திருக்கிறார்.

"கட்டடத்துக்காரர் அட்வான்ஸ் வாங்கிட்டாரு. சுவரு அவரோடது" என்றார் மேனேஜர். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேற சுவரு பாத்திருக்கலாம். இப்ப நான் யாருகிட்ட போய் நிக்கிறது, சொல்லுங்க."

அன்று மாலை அவர் வேறொரு சாலைச் சந்திப்பில் வேறொரு சுவரைப் பார்க்க வேண்டியிருந்தது. போனார். ஜன்னல் ஒன்று மூடிக் கிடந்தது. காவலாளியிடம் விசாரித்தார். அவன், "நீங்க என்ன வரி போடுற ஆளா?" என்று கேட்டு விரட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள். முடித்ததும் ஹாலை ஒரு சுற்றுப் பார்த்தாள். கிழக்குப் பார்த்த பெரிய ஜன்னலை மறைத்துக்கொண்டு டிவி நின்றது.

"டிவியைத் தூக்கி உள்ள போடுங்க. அதுலயும் விளம்பரந்தானே வருது, ஒரு நாளாவது கண்ணுக்கு ஓய்வு கிடைக்கட்டும். அண்ணிய மெஷினோட இங்க வரச் சொல்லுங்க."

"அவ வரமாட்டா."

"போனைக் கொடுங்க." வாங்கிக்கொண்டாள். "அண்ணி, உங்க தம்பி பண்ணின காரியத்துக்கு அவரை நான் கவனிச்சுக்கறேன். நீங்க பகல்ல வந்து தச்சுட்டுப் போங்க. பூட்டின வீடுதானே பகல் முழுக்க... தொந்தரவா? என் பேன்ட் நாலு ஜிப் போய்க் கிடக்கு அண்ணி, உங்களுக்குத்தான் தொந்தரவு."

அந்தப் பக்கம் அக்கா சிரித்தாளா என்று தெரியவில்லை. நெடுநேரம் இருவரும் பேசினார்கள். அவருக்குக் கேட்டதெல்லாம் இந்தப் பக்கத்து "உம்", "அதானே", "ஆம்பளைங்களே அப்படித்தான் அண்ணி". கடைசியில் மனைவி போனைக் கையில் திணித்தாள்.

"டேய்" என்றாள் அக்கா. "துணி கொடுக்கிறவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க. மூட்டையக் கட்டிக்கிட்டு தினம் ரெண்டு பஸ் மாறணும். ஒரு வருஷம். யோசிச்சுத்தான் வர்றேன்னு சொன்னேன். உனக்காக இல்ல, கண்ணுக்காக."

"சரிக்கா."

"சரிக்காவாம். சாயங்காலம் நீ வந்து மூட்டையத் தூக்கிட்டு என்னை இங்க கொண்டுவந்து விடணும். நெரிசல்னு சாக்குச் சொல்லக் கூடாது. உனக்குப் பிடிச்சதுதானே."

அவர் வருவதாகச் சொன்னார். இந்த முறை எந்தெந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று அக்காவே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது, படியும் குறுகல். சாரம் கட்டிய ஆட்களில் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை வந்து, சாரத்துக் குழாய் ஒன்றைக் கழற்றி, மெஷினைக் கயிறு கட்டி ஜன்னல் வழியாக இறக்கித் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பலகை திங்கட்கிழமை ஏறுகிறது.