தயா மிஸ் பிடித்த நாடி

தயா மிஸ் நேற்று முன்தினம் காலையில் இறந்துவிட்டார். குளியலறையில் விழுந்திருக்கிறார்... பக்கத்து வீட்டார் கதவை உடைத்துப் போனபோது எல்லாம் முடிந்துவிட்டது.

வெள்ளவத்தையில் என் ஹார்ட்வெயார் கடைக்கு வருகிறவர்களில் பலருக்கு அவரைத் தெரியும். அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹார்ட் வார்டு நேர்ஸ். பென்ஷனுக்குப் பிறகு வீடு வீடாகப் போய் ஊசி போட்டவர். என் மனைவி சுகந்திக்காக நாலு வருடம், தினமும் காலை ஆறரைக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவர்.

முதல் முதல் கடைக்கு வந்தது, ஒழுகுகிற தண்ணீர்க் குழாய்க்கு டெப் வாஷர் வாங்க. வாஷரை மறந்துவிட்டு, கெஷியர் மேசையில் இருந்த சுகந்தியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, தங்கச்சிக்கு ஏன் இப்பிடி வேர்க்குது?"

"வெக்கை, மிஸ்."

"ஃபேன் அவவின்ர தலைக்கு மேலதானே சுத்துது... பிள்ளை, நெஞ்சு படபடக்குதோ?"

சுகந்தி இல்லையென்று தலையாட்டினாள். அவளுக்கு நீரிழிவு. படபடப்பு இல்லாதபடியால் இரத்தத்தில் சீனி இறங்கவில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

காலையில் இன்சுலின் போட்டவள், கடையில் ஆட்கள் நின்றதால் சாப்பிடவில்லை. மிஸ் கேட்டுக் கேட்டு அதை வெளியே எடுத்தார். இதயத்துக்கு பீட்டா புளொக்கர் மாத்திரை குடிக்கிறாள் என்று சொன்னதும், பக்கத்து டீக்கடைக்கு அவரே ஓடினார். பிளேன் டீ, நாலு கரண்டி சீனி.

"அந்தக் குளிசை நெஞ்சடிக்கிறதை அமத்திப்போடும், தம்பி. சீனி இறங்கினாலும் நெஞ்சு காட்டிக்குடுக்காது. வேர்வையை மட்டும் அமத்தேலாது."

அன்றைக்கு அவருக்கு வாஷர் தேவைப்பட்டிருக்காவிட்டால்... சரி, விடுவோம்.

நெஞ்சடிப்பை மெதுவாக்குகிற டிகொக்சின் என்று ஒரு குளிசையும் சுகந்திக்கு உண்டு. அதைக் கொடுக்க முன்னர் மிஸ் ஒரு முழு நிமிடம் நாடி பிடிப்பார். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குகிற வேலை அவரிடம் கிடையாது. அறுபதுக்குக் கீழே என்றால் குளிசை திரும்பப் பெட்டிக்குள் போய்விடும், டொக்டருக்கு கோல் போகும்.

அந்த ஒரு நிமிடம் வீட்டில் டிவி, ஃபேன், மிக்சி எல்லாம் ஓஃப். சட்டையில் தலைகீழாகக் குத்தியிருக்கும் சின்ன மணிக்கூட்டை மட்டும் பார்த்துக்கொண்டிருப்பார். மூச்சு விடுகிறாரா என்றே சந்தேகமாக இருக்கும்.

ஒரு மழை நாள். காலி வீதியில் தண்ணீர் நின்றது, மிஸ்ஸைக் காணவில்லை. நானே பிடித்துப் பார்த்தேன். எழுபத்தெட்டு. குளிசையைச் சுகந்தியின் வாய்க்குக் கொண்டுபோகும்போது நனைந்த குடையோடு உள்ளே வந்தார்.

"எந்த விரலால பிடிச்சனீங்கள்?"

பெருவிரலைக் காட்டினேன்.

"பெருவிரலுக்குள்ள ஓடுறது உங்கட நாடி! உங்கட நெஞ்சை எண்ணிப்போட்டு மனிசிக்கு மருந்து குடுக்கப் பாக்கிறீங்களோ? நல்ல யாவாரி."

மூன்று விரல் வைத்து அவர் எண்ணினார். நாற்பத்தொன்பது.

நேற்றுப் பின்னேரம், மிஸ்ஸின் உடலை வைத்திருந்த மலர்ச்சாலைக்குப் போனேன். மிஸ்ஸின் மகள் நிரோ, அவளும் நேர்ஸ்தான், கல்கிசையில் இருக்கிறாள். தாயின் சேலையில் அந்த மணிக்கூட்டைக் குத்திவிட்டிருந்தாள். ஓடிக்கொண்டிருந்தது.

கடைசியாக ஒருக்கால் தொட்டுக் கும்பிடுவோம் என்று கையைத் தொட்டேன். ஐஸ் போல இருந்தது. பிறகு... அடித்தது. மணிக்கட்டில். தெளிவாக.

என்னை அறியாமல் எண்ணத் தொடங்கிவிட்டேன். பதினொன்று வரை எண்ணியபிறகுதான் குனிந்து பார்த்தேன். என் பெருவிரல்.

நிரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தினை, அங்கிள்?"

"ஒண்டுமில்லை, பிள்ளை. பெருவிரல்."

"நானும் விடிய எண்ணினனான்," என்றாள். "நான் மூண்டு விரலாலதான் பிடிச்சனான்."

சொல்லிவிட்டு, தாயின் சேலையில் சரிந்திருந்த மணிக்கூட்டை நேராக்கினாள்.

இன்று காலை ஆறரை. சுகந்தி கட்டிலில் இருந்தபடி கண்ணை மூடிக்கொண்டு, மிஸ் வழக்கமாக இருக்கும் கதிரைப் பக்கம் கையை நீட்டினாள். வெறுங்கதிரை.

ஃபேன் நின்றிருந்தது. நான்தான் நிறுத்தியிருக்க வேண்டும்... ஞாபகம் இல்லை.

ஒரு நிமிடம் ஆனது. கையை எடுத்தாள்.

"ஐம்பத்திநாலு. குளிசை வேண்டாமாம்."

"ஆர் சொன்னது?"

"இதென்ன கேள்வி? கையைப் பிடிச்சவவைக் கேளுங்கோ."

மூன்று விரல் வைத்து எண்ணினேன். ஐம்பத்திநாலு. திரும்பவும் எண்ணினேன். அதே ஐம்பத்திநாலு.

குளிசையைப் பெட்டிக்குள் போட்டுவிட்டு டொக்டருக்கு கோல் எடுத்தேன். உடனே கூட்டிவரச் சொன்னார். ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு மருந்தின் அளவைக் குறைத்திருக்கிறார். இப்போது சுகந்தி படுத்திருக்கிறாள். நெற்றியில் வேர்வை இல்லை, தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்து இதை எழுதுகிறேன்.

இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. கொமென்ட்டில் யாரும் விளக்கம் எழுதவும் வேண்டாம். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்... நாளைக்கு ஆறரைக்கு அவளுடைய நாடியைப் பிடிக்க உயிருள்ள ஒரு கை வேண்டும்.

இன்று பின்னேரம் தகனம் முடிந்ததும், வாசலில் வைத்தே நிரோவிடம் கேட்டுவிட்டேன். அந்த இடத்தில் கேட்டது சரியில்லைதான். அவள் கோபிக்கவில்லை.

"நாளைக்கே வாறன், அங்கிள். வீட்டில இருந்தா நான் சும்மா எண்ணிக்கொண்டுதான் இருப்பன்."

மிஸ், நாலு வருடமாக வாசலில் நின்று "போயிட்டு வாங்கோ" என்று சொல்லித்தான் உங்களை அனுப்பினேன். இன்றைக்கு முழுதாகச் சொல்லப் பயமாக இருக்கிறது. போங்கோ, மிஸ்.

உங்கள் மகளோடு பேசி முடித்தாயிற்று. நான் எண்ணூறு சொன்னேன், அவள் ஆயிரத்தில் நின்றாள். கிழமையில் ஏழு நாளும், காலை ஆறரை, ஒரு தடவைக்கு ஆயிரம் ரூபா. பஸ் காசு தனி. அவள் இருக்க வேறு கதிரை.