சாரதாக்காவின் ரகரம்

"எந்த எழுத்துப் போடட்டும்?" என்று அன்று ஃப்ளெக்ஸ் கடையில் கேட்டார்கள். அங்கே நின்றவர்களில் அதற்குப் பதில் தெரிந்தவள் நான் ஒருத்திதான். சொல்லவில்லை.

கடைக்காரர் சாரதாக்காவின் அண்ணனைப் பார்த்துத்தான் கேட்டார். தகவல் கிடைத்ததும் கோயம்புத்தூரிலிருந்து கார் பிடித்து வந்திருந்தார் அவர். "பெருசா, எல்லாருக்கும் தெரியிற மாதிரிப் போடுங்க" என்றார். சாரதாக்காவின் படம் என் கைபேசியில் இருந்ததால் நானும் கூடப் போயிருந்தேன். திரையில் ‘கண்ணீர் அஞ்சலி’ என்ற வரிக்குக் கீழே ‘சாரதா’ என்று தடித்த எழுத்து விழுந்தது. அந்த எழுத்துருவில் ரகரத்தின் அடியில் சாய்ந்து இறங்கும் கோடு கிடையாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோலவே இருக்கும். சகரத்தை அடுத்து ஒரே மாதிரி இரண்டு கம்பங்கள், பிறகு தகரம், மறுபடி ஒரு கம்பம். அது அவர் பெயர்தான் என்று தெரிந்தவர்கள் மட்டுமே அப்படிப் படிக்க முடியும்.

அன்று காலை செய்தி வந்தது சாரதாக்காவின் எதிர்வீட்டு மல்லிகா அத்தையிடமிருந்து. "ஏத்தா, கொஞ்சம் இங்குட்டு வா. சாரதா எந்திரிக்க மாட்டேங்குறா. அவுக அம்மா விடிஞ்சதுல இருந்து கூப்பிட்டுக்கிட்டே இருக்காக" என்றார். நான் போய்ச் சேர்ந்தபோதும் அம்மா கட்டிலில் கிடந்தபடி கூப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். பக்கத்துக் கட்டிலில் சாரதாக்கா ஒருக்களித்துப் படுத்திருந்தார். தூக்கத்திலேயே மாரடைப்பு என்றார் மருத்துவர். ஐம்பது வயதுகூட ஆகவில்லை.

அவரைத் தெரிந்த ஊர்க்காரர்களான உங்களுக்கு நான் புதிதாகச் சொல்ல அதிகம் இல்லை. கல்லல் என்ற ஊரில் பிறந்து, அப்பா இறந்த பிறகு அம்மாவோடு காரைக்குடிக்கு வந்து தையல் எந்திரத்தை நம்பி வாழ்ந்தவர். அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு கை தூக்க முடியாமல் போன பிறகு, சாரதாக்கா தைத்த நைட்டிகளை உங்களில் சிலர் உங்கள் வீட்டுக்கும் வாங்கியிருப்பீர்கள். தோளிலிருந்து கீழ்வரை ஒரு பக்கம் முழுக்கத் திறந்து, நாடாவால் கட்டிக்கொள்வது. படுத்திருப்பவரைத் தூக்காமல், கையை மடக்காமல் போட்டுவிடலாம். ஆஸ்பத்திரியில் பார்த்தவர்கள் கேட்டு வாங்கிப் போனார்கள். அப்படித்தான் இணையத்தில் கடை போடும் யோசனை அவருக்கு வந்தது.

நான் வீட்டிலிருந்தே இணையதளங்கள் செய்துகொடுப்பவள். அதிகம் வெளியே போகாதவள். ஒருநாள் கதவைத் தட்டி, "நீ கம்ப்யூட்டர்ல கடை கட்டிக் குடுப்பியாமே? எனக்கு ஒண்ணு கட்டு. வாஸ்து பாக்க வேணாம்" என்றார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தவர், போகும்போது சிரிக்காமல் ஒன்று சொன்னார். "அண்ணன் அம்மாவ ஹோம்ல சேத்துருவோம்கிறான். அவன் மேலயும் தப்பில்ல, எத்தனை நாளைக்கு ரெண்டு வீட்டுச் செலவு பாப்பான். தை வரைக்கும் பொறுடான்னு சொல்லிருக்கேன். இந்தக் கடை ஓடுச்சுன்னா அம்மா என் கட்டிலுக்குப் பக்கத்துலயே இருப்பாக." அந்தக் கடை எதற்காக என்பது எனக்கு அன்றே தெரிந்துவிட்டது.

முதலில் நான் கொண்டுபோனது மெல்லிய, நேர்த்தியான ஓர் எழுத்துரு. திரையில் நிறைய வெற்றிடம் விட்டு அதை வைத்திருந்தேன். எனக்குப் பிடித்திருந்தது. சாரதாக்கா கைபேசியைத் தள்ளிப் பிடித்தும் கிட்டப் பிடித்தும் பார்த்தார். "ரொம்ப மெலிஞ்சு கெடக்கே. இந்த எழுத்துக்கே ஒரு ஆளு கூட இருந்து பாத்துக்கணும் போலருக்கு" என்றார். அடுத்து அவருடைய அண்ணன் ஒரு மாதிரியை அனுப்பினார். செட்டிநாட்டுத் தூண்கள் இரண்டு பக்கமும் நிற்க, நடுவில் சுருள் சுருளான எழுத்து. "காரைக்குடின்னாலே தூணை நட்டுருவாக. நான் என்ன சீப்புச்சீடைப் பலகாரமா விக்கிறேன்?" என்று அதையும் ஒதுக்கினார்.

பிறகு நான் தடித்த எழுத்து ஒன்றைக் கொண்டுபோனேன். தூரத்திலிருந்தும் தெரிந்தது. அவருக்கும் ஏறக்குறையச் சம்மதம். மல்லிகா அத்தையைக் கூப்பிட்டு, கண்ணாடி போடாமல் படிக்கச் சொன்னார். முகப்பில் ‘மாமியாருக்கு, அம்மாவுக்கு’ என்று எழுதியிருந்தேன். அத்தை கண்ணைச் சுருக்கிக்கொண்டு உரக்கப் படித்தார்.

"மர... மியாருக்கு. மரமியாரா?"

"அது மாமியார், அத்தை" என்றேன்.

"இருக்கட்டுந்தா, சரியாத்தான் போட்டுருக்கீக. எங்க வீட்டுல படுத்துருந்தது மரந்தான். இருபது வருசம் அசையலையே."

சாரதாக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கட்டிலில் கிடந்த அம்மாகூட என்னவென்று தெரியாமலே சிரித்தார். சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இந்த எழுத்தும் வேணாம்" என்றார் சாரதாக்கா. ஒரு ரகரத்துக்காகவா என்று கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நம்மகிட்ட வாங்கப் போறது யாருன்னு யோசி. ராவெல்லாம் முழிச்சுக் கெடந்தவுக. கண்ணு எரியும். ஒரு கையில போனு, இன்னொரு கையில அம்மா தலை. அவுகள ஒரு வார்த்தையை ரெண்டு தடவை படிக்க வைக்கக் கூடாது."

அதன் பிறகு எங்கள் தேடல் அந்த ஒற்றை எழுத்தைச் சுற்றியே நடந்தது. ரகரத்துக்கு அடியில் சாய்ந்து இறங்கும் அந்தக் கால் வேண்டும். ஆஸ்பத்திரிப் பலகை மாதிரியும் இருக்கக் கூடாது, கல்யாணப் பத்திரிகை மாதிரியும் இருக்கக் கூடாது. சிலவற்றில் ரகரம் சரியாக இருந்தால் ணகரமும் னகரமும் குழம்பின. சிலவற்றில் எழுத்து நன்றாக இருந்து, எண்கள் பொடியாக இருந்தன. புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. நைட்டிகள் தைத்து, மடித்து, பீரோவில் அடுக்கப்பட்டிருந்தன. கடை மட்டும் திறக்கவில்லை.

கார்த்திகையில் கிடைத்தது. யாரோ இலவசமாகக் கொடுத்திருந்த எளிய எழுத்துரு. ரகரத்தின் கால் தரையில் ஊன்றி நிற்கிற மாதிரி தெளிவாக இருந்தது. கடைக்கு என்ன பெயர் என்று அதுவரை அவர் முடிவு செய்யவில்லை. மாதிரிக்காக ‘சாரதா’ என்று பெரிதாக அடித்துக் காட்டினேன். வாங்கிப் பார்த்தவர் எழுந்துபோய் அதை அம்மாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். அம்மா பள்ளிக்கூடம் போனவர். நோய்க்கு முன்பு நாள்தோறும் பேப்பர் படித்தவர். இப்போது வாயில் மிச்சமிருந்தது ஓரிரண்டு சொற்கள். திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு சொன்னார், "சாரதா."

சாரதாக்கா என் பக்கம் திரும்பினார். "படிச்சாகளா, என்னயக் கூப்பிட்டாகளா?"

"தெரியலக்கா."

"எதா இருந்தா என்ன. இதையே வச்சிரு. பேரும் இதுவே இருக்கட்டும்."

அன்றுதான் அவரைப் படம் எடுத்தேன். ‘எங்களைப் பற்றி’ என்ற பக்கத்துக்காக. கையில் துணி அளக்கும் இஞ்சி டேப்போடு, கேமராவைப் பார்க்காமல் அம்மா இருந்த பக்கம் பார்த்துச் சிரிக்கிறார். வருகிற வெள்ளிக்கிழமை கடையைத் திறப்பதாகப் பேசிக்கொண்டோம். அந்த வெள்ளிக்கு முன்பே மல்லிகா அத்தையின் அழைப்பு வந்துவிட்டது. ஃப்ளெக்ஸில் இருப்பது அதே படந்தான். இஞ்சி டேப்பை வெட்டிவிட்டார்கள்.

அவருடைய அண்ணன் துக்கம் கேட்க வந்தவர்களிடம், "எழுத்து எழுத்துன்னு தேடுன நேரத்துக்குக் கடையைத் தொறந்துருந்தா நாலு பேருக்காவது வித்துருக்கும்" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. தாங்க முடியாமல் சொன்னார். வாழ்க்கையில் எதையாவது சரியாகச் செய்துவிட வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு அவகாசம் தரப்படும் என்று நான் படித்த புத்தகங்களில் பலவும் நம்ப வைத்திருந்தன. அதை இப்போது நம்பவில்லை.

ஃப்ளெக்ஸ் கடையில் நான் ஏன் சொல்லவில்லை என்றும் எழுதிவிடுகிறேன். அந்த எழுத்துரு என் கைபேசியிலேயே இருந்தது. கொடுத்திருந்தால் மாற்றியிருப்பார்கள். ஆனால், தூங்காத பெண்கள் சிரமமில்லாமல் படிப்பதற்காக அவர் தேர்ந்தெடுத்தது அது. ஊர் முதன்முதலாக அதைப் பார்ப்பது ‘கண்ணீர் அஞ்சலி’க்குக் கீழே என்று ஆகிவிட வேண்டாம் என்று நினைத்தேன். அதனால் தெருமுனையில் பதினாறு நாளும் அவர் பெயர் ‘சரரதர’ என்று நின்றது. எது மேல் என்று எனக்குத் தெரியவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த எழுத்துருவும், யாரும் பார்க்காத ஒரு கடை முகப்பும். பிறகு, ஒரு பழக்கம். பேருந்தின் நெற்றியில், மருந்துக்கடைப் பலகையில், எங்கே தமிழைப் பார்த்தாலும் முதலில் ரகரத்தைத் தேடுகிறேன். கால் இருக்கிறதா என்று பார்க்கிறேன். பெரும்பாலும் இருப்பதில்லை.

காரியம் முடிந்த பின் வீட்டைப் பூட்டிவிட்டு, அம்மாவை மதுரைப் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்தார்கள். மல்லிகா அத்தை, சாரதாக்கா தைத்த நைட்டிகளை ஒரு பையில் போட்டு அம்மாவோடு கொடுத்துவிட்டிருந்தார். அங்கே எல்லோருக்கும் ஒரே மாதிரி உடைதான் என்று சொல்லி, பையைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.